ருடோல்ஃப் டீசல்

ருடோல்ஃப் டீசல் (மார்ச் 18, 1858 – செப்டம்பர் 29, 1913) ஒரு ஜெர்மானியப் பொறியாளர் ஆவார். காற்றை மிகுதியாக அழுத்திச் சூடேற்றி, அச்சூட்டினாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் உள் எரி பொறியை இவர் உருவாக்கினார். இப்பொறி இவருடைய பெயராலேயே டீசல் பொறி எனவும், அதில் பயன்படும் எண்ணெய் டீசல் எனவும் அழைக்கப்படுகின்றன. விழுப்புரம் - காட்பாடி தடத்தில் திருவண்ணாமலை வழியாகப் பல ஆண்டுகள் ஓடிய மீட்டர் பாதை டீசல் எஞ்சின்களும் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தவையே. ஆனால் ஒரு டீசல் இரயில் எஞ்சின் வெற்றிகரமாகப் பயணிகளை இழுத்துச் செல்வதைக் காண இவர் உயிருடன் இல்லை.

இளமை

டீசல் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை தியோடர் டீசல், தாய் எலிசே ஸ்ட்ரோபெல் ஆகிய இருவரும் பவேரியாவிலிருந்து அங்குக் குடியேறியவர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்து விற்றார். அவற்றை வண்டியில் வைத்துத் தள்ளிச் சென்று வாடிக்கையாளர்களிடம் சேர்ப்பது சிறுவன் ருடோல்ஃபின் வேலையாக இருந்தது. வீட்டுக்கு அருகில் இருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு இவர் அடிக்கடி செல்வார். குயூனோ என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் செய்த நீராவி வண்டி அங்கு வைக்கப்பட்டிருந்தது.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது ஜெர்மானியர்கள் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. 12 வயதான ருடோல்ஃப் அங்கிருந்து ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினரான கணித ஆசிரியர் கிறிஸ்டோஃப் பார்னிக்கெல் வீட்டுக்குத் தனியே அனுப்பப்பட்டார். 14 வயதில், தான் பொறியாளராக விரும்புவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். 1875இல் உதவித்தொகை பெற்று மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார்.

அங்கு இவருடைய ஆசிரியர் குளிர்பதன இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே ஆவார். நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட வேலையாக மாற்றுவது அரிது என்பதை வெப்ப இயக்கவியல் வகுப்பில் டீசல் அறிந்தார். எஞ்சிய வெப்பம் வீணாவதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் இவரை விடவில்லை. 1879இல் டைபாய்டு காய்ச்சலால் தேர்வெழுத இயலாமல் போகவே, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உள்ள சூல்சர் நிறுவனத்தில் சிறிது காலம் பணிபுரிந்து, 1880 சனவரியில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். பின்னர் பாரிசில் லிண்டேயின் பனிக்கட்டி ஆலையில் பணியாற்றினார். 1883இல் மார்த்தா ஃபிளாஷேயை மணந்தார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள்.

பொறியின் பிறப்பு

முதலில் நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியில் இயங்கும் பொறி ஒன்றை டீசல் முயன்றார். அது வெடித்து இவர் பல மாதங்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. பின்னர் காற்றின் பக்கம் திரும்பினார். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பலர் கவனித்திருப்பர். அதே விளைவைப் பல மடங்காக்கினால் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். அந்நிலையில் எண்ணெயைச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் பொறியில் காற்றும் எரிபொருளும் கலந்தே அழுத்தப்படுவதால் ஓர் எல்லைக்கு மேல் அழுத்த முடியாது. டீசல் பொறியில் காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது. அதன் சிக்கனத்துக்கு இதுவே அடிப்படை.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; அடுத்த ஆண்டு அது வழங்கப்பட்டது. ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையின் தலைவர் ஹைன்ரிக் வான் பூஸ் சோதனைக்கு இடமளித்தார். குருப் நிறுவனமும் பணம் கொடுத்தது. ஆகஸ்ட் 10, 1893 அன்று முதல் சோதனையில் அழுத்தம் ஏறத்தாழ 80 வளிமண்டல அளவுக்கு எகிறி அளவுமானி வெடித்துச் சிதறியது. டீசல் இதைத் தோல்வியாகக் கொள்ளவில்லை. அழுத்தத்தினாலேயே எரிபொருள் பற்றும் என்பது அதன்மூலம் உறுதியாகிவிட்டது. பிப்ரவரி 17, 1894 அன்று பொறி தானாகவே ஒரு நிமிடம் ஓடியது. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, பிப்ரவரி 17, 1897 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில், ஏறத்தாழ 18 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை உருளைப் பொறி 26 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட திறனைக் காட்டியது. அக்காலத்தில் வேறெந்த வெப்பப் பொறியும் இதை நெருங்கவில்லை.

காப்புரிமையில் எழுதப்பட்ட சுழற்சியும் உண்மையில் ஓடிய பொறியின் சுழற்சியும் ஒன்றல்ல. போட்டியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டனர். இங்கிலாந்தின் ஏக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890இலேயே எண்ணெய்ப் பொறிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதும் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. எனினும் அவரது பொறி வெளியிலிருந்து சூடேற்றப்பட்ட குமிழைச் சார்ந்திருந்தது. உயர் அழுத்தத்தை மட்டுமே நம்பிப் பற்றவைத்ததும், அதன் சிக்கனத்தை அளந்து காட்டியதும் டீசலே. எனவே பெயர் அவருக்கு உரியது என்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

நிலக்கடலை எண்ணெய்

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் ஒரு சிறு டீசல் பொறி நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. டீசல் தன் பொறியைக் கடலை எண்ணெய்க்காகவே வடிவமைத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. அப்பொறியைக் காட்சிக்கு வைத்தது ஓட்டோ நிறுவனம். ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலையைப் பயன்படுத்த முடியுமா என்றறிய விரும்பியது பிரெஞ்சு அரசு. டீசல் பின்னர் தாமும் இதைச் சோதித்து, தாவர எண்ணெய்கள் பிற்காலத்தில் முக்கியத்துவம் பெறலாம் எனக் கருதினார். நிலக்கடலை பெருமளவில் பயிராகும் திருவண்ணாமலை மாவட்டத்து மாணவர்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கக்கூடும்.

தண்டவாளத்தில் டீசல்

இரயிலுக்குத் தன் பொறி பயன்பட வேண்டும் என்பது டீசலின் நெடுநாள் விருப்பம். 1906இல் சூல்சர் நிறுவனத்துடனும் அடால்ஃப் குளோசே என்ற இரயில்வேப் பொறியாளருடனும் சேர்ந்து இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். 1912இல் உலகின் முதல் பெரிய டீசல் இரயில் எஞ்சின் விண்டர்தூரில் தண்டவாளம் ஏறியது. 1913இல் அது பெர்லினுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அது தோல்வியடைந்தது. காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலேயே முழு விசையுடன் இழுக்கும். கொதிகலனில் ஆவி காத்திருக்கிறது. டீசல் பொறியோ சுழன்றுகொண்டிருந்தால்தான் விசை தரும். நின்ற நிலையில் அதற்கு வலு இல்லை. விண்டர்தூர் எஞ்சினில் பொறி சக்கரங்களுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருந்தது. எனவே அழுத்தக் காற்றைச் செலுத்தி வண்டியை மணிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே எண்ணெயைச் செலுத்த முடிந்தது. மேலும் எண்ணெயை உருளைக்குள் தெளிக்கவும் அக்காலத்தில் அழுத்தக் காற்றே வேண்டியிருந்தது. அதற்கான கனத்த காற்றழுத்தியையும் எஞ்சின் சுமந்து சென்றது. பாகங்கள் உடைந்தன. போர் தொடங்கியதும் முயற்சி கைவிடப்பட்டது.

தீர்வு வேறு வழியில் வந்தது. டீசல் பொறி மின்னாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டும் டீசல்-மின் முறையில் பொறி தன் வேகத்திலும் சக்கரம் தன் வேகத்திலும் சுழலலாம். 1924இல் உருசியரான லொமொனோசொவ் இம்முறையில் நெடுந்தூர எஞ்சினை இயக்கிக் காட்டினார். 1920களின் பிற்பகுதியில் வந்த பாஷ் நிறுவனத்தின் எரிபொருள் பம்பு கனத்த காற்றழுத்தியைத் தேவையற்றதாக்கியது.

திருவண்ணாமலைத் தடம்

திருவண்ணாமலை வழியாகச் செல்லும் விழுப்புரம் - காட்பாடி மீட்டர் பாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்திய இரயில்வேயால் அமைக்கப்பட்டது. ரமண மகரிஷி செப்டம்பர் 1, 1896 அன்று நீராவி வண்டியில்தான் இவ்வூரில் வந்திறங்கினார். அதே நாட்களில் ஆக்ஸ்பர்க்கில் டீசலின் வெற்றிப் பொறி கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

தென்னக மீட்டர் பாதைகளில் நீராவியை அகற்றியவை ஒய்.டி.எம்.-4 வகை எஞ்சின்கள். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 1960களின் தொடக்கத்தில் இவை வந்தன. 1968 முதல் வாரணாசி டீசல் எஞ்சின் ஆலையிலும் செய்யப்பட்டன. ஆறு உருளைகளும் ஆறு அச்சுகளும் கொண்டு, ஏறத்தாழ 1400 குதிரைத்திறனும் 72 டன் எடையும் உடையவை. திருச்சி பொன்மலைப் பணிமனை இவற்றின் முக்கிய இருப்பிடமாக இருந்தது. நிலையத்தில் நிற்கும்போது ஒலிக்கும் தாளமான உறுமலையும், புறப்படும்போது எழும் கரும்புகையையும் மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்வர். அப்புகைக்கும் ஒரு காரணம் உண்டு. ஓட்டுநர் விசையைக் கூட்டியதும் எண்ணெய் உடனே மிகுகிறது. ஆனால் காற்றை ஊட்டும் டர்போ சுழலி வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் எரியாத கரியே புகையாக வெளியேறுகிறது.

2010ஆம் ஆண்டளவில் இத்தடம் அகலப்பாதையாக மாற்றப்பட்டுப் பின்னர் மின்மயமாக்கப்பட்டது. கார்த்திகை தீபத்துக்கான சிறப்பு வண்டிகள் வேறு எஞ்சின்களுடன் வரத்தொடங்கின. வாரணாசி ஆலையும் 2020இல் பெயர் மாற்றப்பட்டது. அங்கு மின் எஞ்சின்களே பெரிதும் செய்யப்படுகின்றன.

மறைவு

பொறி வெற்றி பெற்ற பின் டீசலிடம் பெருஞ்செல்வம் சேர்ந்தது. அமெரிக்க உரிமைக்காக மட்டும் அடால்ஃபஸ் புஷ் என்ற மதுபான ஆலை அதிபர் பத்து இலட்சம் மார்க் வழங்கினார். ஆனால் வழக்குகள், தவறான முதலீடுகள், மியூனிக்கில் கட்டிய மாளிகை ஆகியவற்றில் பணம் கரைந்தது. 1898 முதலே நரம்புத் தளர்ச்சியும் கடும் தலைவலியும் இவரை வாட்டின. தொழிலாளர் கூட்டுறவு பற்றி 1903இல் வெளியிட்ட நூலை வாங்கியோர் மிகச் சிலரே.

செப்டம்பர் 29, 1913 மாலை, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்கு டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். அது ஓர் இரயில்வே நிறுவனத்துக்குச் சொந்தமான கப்பல். இரவு உணவுக்குப் பின், காலை 6.15க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை காலியாக இருந்தது. தொப்பியும் மேலங்கியும் தளத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சில நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, அதிலிருந்த சிறு பொருட்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். அவை தந்தையுடையவை என மகன் ஒய்கன் அடையாளம் காட்டினார்.

கொலை என்றும், உளவுச் சதி என்றும் பல கதைகள் உலவின. சான்று எதற்கும் இல்லை. பயணத்துக்கு முன் மனைவியிடம் கொடுத்த பையில் ரொக்கப் பணமும், கணக்குகள் ஏறத்தாழ வற்றியிருந்ததைக் காட்டும் தாள்களும் இருந்தன. நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கருகே ஒரு சிலுவைக்குறி இடப்பட்டிருந்தது. தற்கொலை என்பதே பெரும்பாலான வரலாற்றாய்வாளர்களின் முடிவு.

மாதிரி எஞ்சின்கள்

1897ஆம் ஆண்டுப் பொறி மியூனிக்கின் ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. டீசல் எஞ்சின்களின் சிற்றுருக்கள் உலகெங்கும் பொழுதுபோக்காளர்களால் சேகரிக்கப்படுகின்றன. பரவலான 1:87 அளவில் மீட்டர் பாதை 12 மில்லிமீட்டராகச் சுருங்கும். இந்திய அகலப்பாதை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் ஆகவேண்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே இந்திய மாதிரிகள் பெரும்பாலும் ஓட்டப்படுகின்றன. நீராவி மாதிரிகளில் உண்மையாகவே நீரைக் கொதிக்கவைத்து ஓடுபவை உண்டு. டீசல் மாதிரிகளில் பெரும்பாலானவை தண்டவாளத்திலிருந்து மின்சாரம் பெற்று ஓடுகின்றன. உண்மை எஞ்சினைப் போலவே இவற்றிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டாரே. இல்லாதது டீசலின் பொறி மட்டுமே.