இணையத்தின் முகவரிக் கணக்கைப் பார்த்துக்கொண்ட மனிதர்.. யார் இந்த ஜான் போஸ்டல்?

மொபைலில் ஒரு இணையதளத்தின் பெயரை டைப் செய்கிறோம். அடுத்த நொடியே பக்கம் திறக்கிறது. உண்மையில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பது எண்களை வைத்துத்தான். எந்தப் பெயருக்கு எந்த எண், எந்த எண் யாருக்கு என்று யாராவது கணக்கு வைத்திருக்கணும் இல்லையா? இணையத்தின் தொடக்க காலத்தில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டவர்தான் ஜான் போஸ்டல்.

மாணவராக வந்தவர்

1943 ஆகஸ்ட் 6-ம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தவர் போஸ்டல். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராக இருந்தபோது, பல்கலைக்கழகங்களின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஆர்பாநெட் திட்டம் தொடங்கியது. பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை.

1969 அக்டோபர் 29 அன்று அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போனது. 2 எழுத்து போனதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் 4 இடங்கள் இணைந்துவிட்டன.

பட்டியல் கைக்கு வந்தது எப்படி?

நெட்வொர்க் வளர வளர, ஆளாளுக்கு ஒரு எண்ணை எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். எண்களைப் பிரித்துக் கொடுக்க ஒருத்தர் வேண்டும், அதை நானே செய்கிறேன் என்று 1972-ல் போஸ்டல் முன்வந்தார். வேலை அவரிடமே வந்தது. நெட்வொர்க்கின் விதிகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களுக்கும் கடைசி வரை அவர்தான் எடிட்டர்.

1977-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1983-ல் அங்கு அவருடன் வேலை பார்த்த பால் மொக்கபெட்ரிஸ், எண்களுக்குப் பதில் பெயர்களைப் பயன்படுத்தும் டொமைன் முறையை உருவாக்கினார். டாட் காம், டாட் எடு எல்லாம் அதன் பிறகு வந்தவைதான்.

சரி, எந்தெந்த நாடுகளுக்குத் தனிப் பெயர்? அந்தச் சண்டைக்குள்ளேயே போஸ்டல் போகவில்லை. ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பு ஏற்கெனவே வைத்திருந்த 2 எழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். இந்தியாவுக்கு டாட் இன், இலங்கைக்கு டாட் எல்கே வந்தது இப்படித்தான்.

1998 ஜனவரி 28.. என்ன நடந்தது?

1995-ல் நிலைமை மாறியது. டாட் காம் பெயர்களைப் பதிவு செய்யும் உரிமை பெற்றிருந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், 2 ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. பல்கலைக்கழகங்களுக்குள் நம்பிக்கையில் ஓடிய வேலை வியாபாரமானது. இணையத்தின் முகவரிகள் யாருக்குச் சொந்தம் என்ற மோதலும் வெடித்தது.

இந்த நேரத்தில்தான் போஸ்டல் ஒரு மெயில் அனுப்பினார். உலகின் பெயர்ப் பட்டியலைத் தாங்கும் ரூட் சர்வர்கள் அப்போது மொத்தம் 13. தலைமை சர்வர் நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடம் இருந்தது. மற்ற 12-ல் 8 சர்வர்களை நடத்தியவர்களிடம், இனி பட்டியலைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்களும் மாற்றிவிட்டார்கள். சாதாரணமாக இணையம் பயன்படுத்தியவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வெள்ளை மாளிகை அதிர்ந்தது. அதிபர் கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மேகசினர் தொடர்புகொண்டு பேசிய பிறகு, எல்லாம் பழையபடி மாற்றப்பட்டது. அது வெறும் சோதனை என்பது போஸ்டலின் விளக்கம். அரசுக்குக் காட்டிய எதிர்ப்பு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. எப்படியோ, ஒருத்தர் சொன்னால் இணையமே திரும்பும் என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது.

பார்க்காமல் போன முடிவு

இந்தப் பொறுப்பைத் தனி ஆளிடமிருந்து ஒரு அமைப்புக்கு மாற்ற, 1998 செப்டம்பரில் ஐகேன் பதிவு செய்யப்பட்டது. அதை உருவாக்குவதில் போஸ்டலுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது செயல்படுவதைப் பார்க்க அவர் இல்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அக்டோபர் 16 அன்று 55 வயதில் காலமானார்.

இந்த வேலையின் மீதான அமெரிக்க அரசின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1-ல் முடிவுக்கு வந்தது. ஒரு மாணவர் கையில் எடுத்த பட்டியல், எந்த அரசின் கையிலும் இல்லாமல் போக 44 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.