பாட்டே இல்லாத படம் எடுத்த வீணைக்காரர்: யார் இந்த எஸ்.பாலசந்தர்?

அரக்கோணத்தில் காலை லோக்கல் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சுமார் 70 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏறி உட்கார்ந்ததும் போனில் 'அந்த நாள்' படத்தைப் போட்டால், சென்ட்ரல் வரும்போது கிளைமாக்ஸ் மட்டும்தான் மிச்சமிருக்கும். நடுவில் பாட்டை ஓட்டிவிட வேண்டிய வேலையும் இல்லை. ஏன்னா, 1954-ல் வந்த அந்தப் படத்தில் பாட்டே கிடையாது.

எடுத்தவரோ ஊரறிந்த சங்கீதக்காரர்!

எஸ்.பாலசந்தர் (கே.பாலசந்தர் வேறு, இவர் வேறு) 1927 ஜனவரி 18-ல் சென்னையில் பிறந்தார். 1934-ல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' கிட்டத்தட்ட குடும்பப் படம். அண்ணன் எஸ்.ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை, சின்னப் பையன் பாலசந்தர் கஞ்சிராவோடு வந்து போவார். வீணையை அவர் எந்த குருவிடமும் கற்கவில்லை, தானாகவே வாசித்துப் பழகினார். 1948-ல் 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடம், இசையும் அவரே. அதே ஆண்டில் இயக்குநரும் ஆகிவிட்டார்.

பிறகு ஒரு திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' பார்த்தார். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் படம். அந்தப் பாதிப்பில் அவர் எழுதிய நாடகத்தை ஆல் இந்தியா ரேடியோ வேண்டாம் என்றது. ஏவி.எம்.மெய்யப்பன் படமாக்கச் சம்மதித்தார். திரைக்கதை ஜாவர் சீதாராமன்.

கதை வேறு, சொல்லும் வரிசை வேறு

1910, 20-களில் ரஷ்யாவில் வடிவவாதிகள் என்ற விமர்சகர்கள் ஒரு எளிய பிரிவினையைச் செய்தார்கள். நடந்ததை நடந்த வரிசையில் அடுக்கினால் அது கதை. அதை எந்த இடத்தில் ஆரம்பித்து, எதை மறைத்து, யார் வாயால் சொல்கிறோம் என்பது கதையாடல். அப்புறம் சினிமா ஆய்வாளர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். படம் என்ன கருத்து சொல்லுது என்று கேட்பதற்கு முன்னால், இந்த ஷாட் இங்கே என்ன வேலை செய்யுது என்று கேட்பது அவர்கள் வழி.

'அந்த நாள்' இதற்குக் கச்சிதமான பாடம். 1943, சென்னை மீது ஜப்பான் குண்டு விழுந்த சமயம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுச் சாகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' நாயகனை எடுத்த எடுப்பிலேயே பிணமாக்கிக் காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கதையின் முடிவில் வர வேண்டிய சாவு, கதையாடலில் முதல் காட்சியாகிவிட்டது. அதன்பின் சிவாஜியை நாம் பார்ப்பதெல்லாம் மற்றவர்களின் நினைவில்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ராஜனின் தம்பியைச் சந்தேகிக்கிறார். தம்பி தன் மனைவியை. அவள், ராஜனோடு பழகிய நாட்டியக்காரியை. நாட்டியக்காரி, மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரரை. வட்டம் முடிந்தது, கொலையாளி கிடைக்கவில்லை! 'ரஷோமான்' கடைசிவரை உண்மை இதுதான் என்று சொல்லாது. 'அந்த நாள்' சொல்லிவிடும். அந்த வகையில் இது தத்துவப் படத்தைவிடத் துப்பறியும் படத்துக்குத்தான் நெருக்கம். கொலையாளி யார் என்பதை, பார்க்காதவர்களுக்காக இங்கே விட்டுவிடலாம்.

பாட்டை நீக்கியது வீம்புக்காக இல்லை என்பது படத்தைப் பார்த்தால் புரியும். விசாரணை ஒரு இறுக்கத்தில் போகிறது. நடுவில் ஐந்து நிமிடம் டூயட் வந்தால், சேர்த்துவைத்த சந்தேகம் முழுக்கக் கரைந்துவிடும். மாருதி ராவின் ஒளிப்பதிவும் அதே வேலையைச் செய்கிறது. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி இருட்டில். எவரையும் முழுசாக நம்பவிடாத வெளிச்சம் அது.

தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளியான படத்தைப் பார்த்து ரசிகர்கள் கடுப்பானார்கள். அன்று பாட்டுக்காகவே தியேட்டருக்கு வந்தவர்கள் அதிகம். வசூல் அடிவாங்கியது. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகு மறுபடி திரையிட்டபோதுதான் நிலைமை கொஞ்சம் தேறியது.

பாலசந்தர் அதன்பிறகு பாட்டை அடியோடு ஒதுக்கவில்லை. சொந்தத் தயாரிப்பான 'பொம்மை'யில் (1964) பாட்டுகள் உண்டு. யேசுதாஸ் பாடி முதலில் வெளியான தமிழ்ப் படமே அதுதான். ஆனா, வடிவத்தின் மீதிருந்த கிறுக்கு போகவில்லை. வெடிகுண்டு வைத்த பொம்மை கைமாறிக்கொண்டே போகும். உள்ளே குண்டு இருப்பது நமக்குத் தெரியும், கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. மொத்த பதற்றமும் அந்த இடைவெளியில்தான். முடிவில் கலைஞர்களை அவரே திரையில் அறிமுகப்படுத்துவார்.

1970-ல் வந்த 'நடு இரவில்' அவர் இயக்கிய கடைசிப் படம். பிறகு முழுக்க வீணை. நாடு நாடாகக் கச்சேரி, 1982-ல் பத்மபூஷண். சுவாதித் திருநாள் பெயரில் பாடப்படும் கீர்த்தனைகள் உண்மையில் அவருடையவைதானா என்று கேள்வி கிளப்பி, சங்கீத உலகத்தோடு கடைசிக் காலத்தில் பெரிய சண்டையும் போட்டார். 1990 ஏப்ரலில், கச்சேரிக்குப் போன இடத்தில், பிலாயில் காலமானார். அப்போது வயது 63.