மான் படம் எடுத்த மா. கிருஷ்ணன்

புள்ளிமானைப் படம் எடுப்பது சுலபம்னு நாம நினைக்கிறோம். கிண்டிப் பூங்காவுக்குப் போனால் வேலி ஓரமா மான் வந்து நிக்கும். போனை நீட்டினால் படம் விழுந்துடும். அந்த மாதிரிப் படத்தில் ஆசையே இல்லாத ஒருவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

மா. கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா அ. மாதவையா, தமிழில் முதன்முதலாக நாவல் எழுதியவர்களில் ஒருவர். கிருஷ்ணனுக்கு 13 வயது இருக்கும்போது, 1925இல், அப்பா இறந்துவிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசன் அவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி பார்க்கக் கூட்டிப் போவாராம். பேராசிரியரின் மனைவி நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொடுத்தார். இதை மறக்காதீர்கள், மான் படத்துக்கு இதுதான் அஸ்திவாரம்.

வக்கீல் படிப்பும் முடித்தார். ஆனா மனசு காட்டிலேயே இருந்தது. 1942இல் பெல்லாரி பக்கத்தில் இருக்கும் சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வாத்தியார், நீதிபதி, ராஜாவின் செயலாளர் என்று எல்லா வேலையும் பார்த்தார். ஆடு மேய்த்தார், புறாவும் வளர்த்தார்! 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சென்னைக்கே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு மாதச் சம்பளம் கிடையாது. பேனாவும் கேமராவும்தான் சோறு போட்டன.

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லியே ஆகணும். உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. தானே இணைத்து, கட்டி, ஒட்டிச் செய்தது. சரியான கனம். பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அதை வைத்துக்கொண்டு முதுமலையில் யானை மேல் உட்கார்ந்து போவார். வளர்ப்பு யானையைக் கண்டு காட்டு மிருகங்கள் அவ்வளவாக மிரளாது. எடுத்தது எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம்.

இதில்தான் கஷ்டமே இருக்கு. காட்டுக்குள் இலை வழியா வெயில் பொட்டுப் பொட்டாக விழும். புள்ளிமான் உடம்பிலும் வெள்ளைப் பொட்டு. வண்ணமும் இல்லாவிட்டால் எது மான், எது வெயில் என்றே தெரியாது. அதனால் பின்னால் இருட்டுப் புதர் வரும்வரை, இல்லை மான் தலையைத் திருப்பி அதன் கொம்பு வெளிச்சத்தில் தெரியும்வரை காத்திருக்கணும். முகத்தை மட்டும் பெரிசாக எடுத்தால் அது எந்த மான், எங்கே வாழுது, என்ன மேயுதுன்னு தெரியாது. மரமும் புல்லும் சேர்ந்தால்தான் அது மானின் வீடு. கிருஷ்ணன் ஓவியரும்தானே, தன் கட்டுரைகளுக்குத் தானே படம் வரைவார். எதை விடணும், எதை வைக்கணும்னு கைக்குத் தெரிந்திருக்கும். (பக்கத்தில் இருக்கும் கடமான் 7ஆம் வகுப்புத் தங்கை வரைந்தது. கொம்பு கொஞ்சம் பெரிசு!)

அவர் இரை போட்டு வரவழைக்க மாட்டார். துரத்தியும் எடுக்க மாட்டார். சுதந்திரமாகத் திரியும் விலங்கின் படம்தான் அவருக்கு வேணும். இதைப் படித்தபோது நம்ம அண்ணாமலைச்சேரி ஞாபகம்தான் வந்தது. போன பனிக்காலத்தில் வெளியூரிலிருந்து கேமராவோடு வந்த ஒருத்தர், பூநாரை பறக்கிற மாதிரி படம் வேணும்னு என் தம்பிக்கு 20 ரூபாய் கொடுத்து சேற்றில் ஓடச் சொன்னார். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் எழும்பிப் போச்சு. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தாத்தாவுக்கு வந்ததே கோபம். சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒருத்தரை எழுப்பி விரட்டுவியாடான்னு தம்பியைக் கேட்டார். தம்பிக்கு 20 ரூபாய் பெரிய காசு. எங்க வீட்டில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் நான் தாத்தா பக்கம்.

1968இல் கிருஷ்ணனுக்கு ஜவஹர்லால் நேரு ஆய்வு உதவி கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளில் யானை, காட்டெருமை, மான் எல்லாம் எப்படி இருக்குன்னு சுற்றிப் பார்த்து எழுதினார். 1995இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருது வந்தது. தமிழிலும் நிறைய எழுதியிருக்கிறார். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று புத்தகமாக வந்திருக்கு, தியடோர் பாஸ்கரன் தொகுத்தது.

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் ஒரு தொடர் தொடங்கினார். 46 வருஷம் விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். அன்றைய பேப்பரிலும் அவர் கட்டுரை வந்திருந்தது.