கம்மியர் கைத்திறம் காத்த குமாரசுவாமி

சுண்ணாம்பு எடுக்கும் கரண்டி மிகச் சிறிய பொருள். ஆயினும், பண்டைக் கண்டி நாட்டுக் கம்மியர் அதனையும் அழகுற வடித்து, சங்கிலி கோத்து, கரண்டகத்தோடு இணைத்தனர். அத்தகைய கைத்திறத்தை உலகறியச் செய்த பெரியார் ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

இவர் 1877-ஆம் ஆண்டில் கொழும்பு நகரில் தோன்றினார். தந்தையார் ஈழத் தமிழரான சர் முத்துக் குமாரசுவாமி. அன்னையார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையாரை இழந்த இவர், இங்கிலாந்தில் வளர்ந்து நிலவியல் பயின்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பணி புரிந்தார்.

கனிப்பொருள் தேடிச் சிற்றூர்தோறும் சென்றவர், ஆங்கே நலிந்து கிடந்த கம்மியர் குடிகளைக் கண்டார். கண்டி மன்னர் காலத்தில் கம்மியர்க்கு நிலம் அளித்து ஆதரித்தனர். 1815-இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று, அவ்வாதரவு மறைந்தது. இயந்திரப் பொருள்களும் கப்பலேறி வந்து மலிந்தன. தந்தை மைந்தனுக்குக் கற்பித்து வந்த தொழில் தேய்ந்தது. அறிவியல் துறையிலேயே நின்றிருப்பின் குமாரசுவாமி மேன்மேலும் உயர்ந்திருப்பார். எனினும், அழியும் திறத்தைக் காப்பதே தம் கடன் எனத் துணிந்தார்.

கம்மியரின் கருவிகளையும் செய்முறைகளையும் ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908-இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் தம் இல்லத்துக் கை அச்சுப் பொறியிலேயே அதனை அச்சிடுவித்தார். கைத்தொழிலைப் போற்றும் நூல் கைத்தொழிலாகவே பிறந்தது.

1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பேற்று, 1947-இல் மறையும்வரை அங்கே தொண்டாற்றினார். பாஸ்டன் நகரத்துப் பழைய வெள்ளிக் கம்மியரான பால் ரெவீர் செய்த கரண்டிகளும் கிண்ணங்களும் அவ்வருங்காட்சியகத்தில் உள்ளன. ரெவீர் தம் படைப்புகளில் தம் பெயரைப் பொறித்தார். கண்டிக் கம்மியரோ பெரும்பாலும் பெயர் பொறியாமலே மறைந்தனர். அவர்தம் பெருமையை நூலில் பொறித்தவர் குமாரசுவாமி.

கருவியை மனிதன் ஆளவேண்டும். கருவி மனிதனை ஆளலாகாது என்பது அவர் கொள்கை. மாணவர்களே! வடசென்னையில், திருவொற்றியூர்க் கோயிலில் பண்டைச் சிற்பியின் உளித்திறம் விளங்குகின்றது. அருகே எண்ணூரில் இயந்திரங்கள் முழங்குகின்றன. உளி பிடிப்பினும் இயந்திரம் இயக்கினும், தன் தொழிலில் கருத்தைச் செலுத்துபவனே கலைஞன். இதனை நாம் மறத்தலாகாது.