சபாங் வழியாகப் பினாங்கு: நேதாஜியின் இரகசியப் பயணம்

சுமத்ராவின் வட முனைக்கு அப்பால் உள்ள சபாங் விமான நிலையத்துக்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவுதான். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்தச் சபாங்கை வந்தடையவே ஏறக்குறைய மூன்று மாதங்கள் கடலில் கழித்தார்.

1897 ஜனவரி 23-ஆம் தேதி கட்டாக்கில் பிறந்த போஸ், ஐ.சி.எஸ். பதவியை 1921-இல் உதறியவர். இருமுறை காங்கிரஸ் தலைவராகத் தேர்வானார். 1941-இல் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பி ஜெர்மனி சென்றார். ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இந்தியர்களைத் திரட்டினால்தான் போரிட முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1943 பிப்ரவரியில் அபித் ஹசனுடன் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அவரை எதிர்கொண்டு அழைத்துவர ஏப்ரலில் பினாங்கிலிருந்து ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி கிளம்பியது. இந்திய விருந்தாளிக்குக் கறி சமைக்க வேண்டிய பொருள்களை அதன் மாலுமிகள் பினாங்கிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 28-ஆம் தேதி மடகாஸ்கர் அருகே, அலை கொந்தளித்த கடலில், இருவரும் ரப்பர் படகில் கப்பல் மாறினார்கள்.

பினாங்கில் பிரிட்டிஷ் உளவாளிகளின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகக் கப்பல் சபாங்குக்குத் திருப்பப்பட்டது. மே 6-ஆம் தேதி அங்கே கரையேறிய போஸ், விமானத்தில் பினாங்கு, சைகோன், மணிலா, தைவான் வழியாகத் தோக்கியோ போனார். தோக்கியோவில் அவருக்கு மட்சுடா என்பதே பெயர். தங்கள் ஊர் வழியாக யார் போனார் என்று பினாங்குத் தமிழர்களுக்கு அப்போது தெரியாது.

ஜூலையில் சிங்கப்பூர் வந்து வெளிப்படையாகப் பேசினார். தோட்டப்புறங்களிலிருந்து பால்மரம் சீவியவர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். பலர் பர்மாவிலிருந்து திரும்பவேயில்லை.

1945-இல் ரங்கூன் கைவிடப்பட்டபோது போஸ் விமானத்தைத் தேடவில்லை. ராணிப் படைப் பெண்களைப் பத்திரமாகச் சேர்க்க, குண்டுவீச்சுக்கு நடுவே அவர்களுடனேயே பாங்காக்கை நோக்கி வந்தார். வழியில் பல இரவுகள் நடந்தே கடந்தார். பயணம் மூன்று வாரம் பிடித்தது.

ஜப்பான் சரணடைந்தபின் ஆகஸ்ட் 16-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து பறந்தார். பாங்காக், சைகோன் தாண்டி, 18-ஆம் தேதி தைப்பேயில் விமானம் விழுந்து தீக்காயங்களால் இறந்தார் என்பது பதிவு. வயது 48. அச்செய்தியை நம்ப மறுத்தவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். நேதாஜிக்காகப் போன மகன் திரும்பி வராத தோட்டத்து வீடுகளில், அவருடைய படத்துக்கும் மாலை விழுந்தது.