கா. ந. அண்ணாதுரை

காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை (செப்டம்பர் 15, 1909 - பெப்ரவரி 3, 1969) தமிழக அரசியல்வாதி, எழுத்தாளர், பேச்சாளர், நாடக ஆசிரியர் ஆவார். திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவியவர். 1967 முதல் மறையும் வரை முதலமைச்சராகப் பணியாற்றினார். அறிஞர் அண்ணா என்று பரவலாக அறியப்படுகிறார். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பின்னரும் முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகாமல் இறுதி வரை பணி செய்தார்.

இளமையும் பொது வாழ்வும்

அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் நடராசன், பங்காரு அம்மாள் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். சிற்றன்னை இராசாமணி அம்மாளால் வளர்க்கப்பட்டார். 1930 இல் இராணி அம்மையாரை மணந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, பொருளியலிலும் அரசியலிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். நீதிக்கட்சியிலும் பின்னர் திராவிடர் கழகத்திலும் பெரியார் ஈ. வெ. இராமசாமியுடன் இணைந்து பணியாற்றினார். 1942 இல் திராவிட நாடு என்னும் இதழைத் தொடங்கினார். செப்டம்பர் 17, 1949 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1957 இல் சட்டமன்றத்துக்கும் 1962 இல் மாநிலங்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

செட்டிநாட்டுத் தொடர்புகள்

அண்ணாதுரையின் நாடகமான ஓர் இரவு 1951 இல் திரைப்படமாக வெளிவந்தது. அதனைத் தயாரித்த ஏ. வி. எம். நிறுவனத்தின் நிறுவனர் ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியைச் சேர்ந்தவர். அவரது படப்பிடிப்பு நிலையமும் சில ஆண்டுகள் காரைக்குடியில் இயங்கியது. காரைக்குடியின் இராம. சுப்பையா தி. மு. க.வின் தொடக்க காலத் தலைவர்களுள் ஒருவர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் திருப்பத்தூர் தொகுதியிலிருந்து வென்ற செ. மாதவன் அண்ணாதுரையின் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தார். செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1968 இல் அண்ணாதுரைக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

முதலமைச்சர்

மார்ச் 6, 1967 அன்று முதலமைச்சரானார். சென்னையிலும் கோவையிலும் ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் அதே ஆண்டில் தொடங்கியது. சடங்குகளின்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் சட்டமும், தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழிக் கொள்கைத் தீர்மானமும் இவரது ஆட்சியின் முக்கியச் செயல்கள். ஜனவரி 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடைபெற்றது. அதே ஆண்டில் சப் ஆய்வுத்தகைமையின்கீழ் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வந்தார்.

நோயும் சிகிச்சையும்

1968 இல் இவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. உணவை விழுங்க இயலாமற் போவது இந்நோயின் முக்கிய அறிகுறி. புகையிலைப் பயன்பாடு இந்நோய்க்கான காரணிகளுள் ஒன்று. இவருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்ததாகவும் குறிப்பிடப்படுகிறது. செப்டம்பர் 1968 இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் மருத்துவர் மில்லர் இவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வாசித்துக்கொண்டிருந்த நூலை முடிப்பதற்காக அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைக்குமாறு இவர் கேட்டுக்கொண்டதாக ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. நவம்பரில் சென்னை திரும்பிய இவர் உடல் மெலிந்து காணப்பட்டாலும் அரசுப் பணிகளைத் தொடர்ந்தார்.

இறுதி மாதங்களின் பணிகள்

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்னும் கோரிக்கைக்காகச் சங்கரலிங்கனார் 1956 இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1963 இல் மாநிலங்களவையில் இது குறித்த மசோதாவை ஆதரித்து அண்ணாதுரை உரையாற்றினார். எனினும் அம்மசோதா தோல்வியுற்றது. முதலமைச்சரான பின் ஜூலை 18, 1967 அன்று சட்டமன்றத்தில் இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றினார். நாடாளுமன்றம் 1968 இறுதியில் பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தது. டிசம்பர் 1, 1968 அன்று சென்னையில் நடந்த பெயர் மாற்ற விழாவில், ஓய்வெடுக்குமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தும் அண்ணாதுரை கலந்துகொண்டு உரையாற்றினார்.

டிசம்பர் 25, 1968 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கோரிய தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். நோயுற்றிருந்த நிலையில் இவரது ஆட்சி சந்தித்த மிகக் கொடிய நிகழ்வு இது. பொதுப்பணித் துறை அமைச்சர் மு. கருணாநிதியையும் செ. மாதவனையும் இவர் நேரில் அனுப்பினார். ஆயினும் இப்படுகொலையை அரசு கையாண்ட விதம் விமர்சனத்துக்கு உள்ளானது.

ஜனவரி 14, 1969 அன்று தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் சென்னை தியாகராய நகரில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சிலையை அண்ணாதுரை திறந்துவைத்தார். கலைவாணர் நடித்த நல்லதம்பி (1949) திரைப்படத்துக்குக் கதை உரையாடல் எழுதியவர் அண்ணாதுரையே. நண்பருக்குச் சிலை திறந்த அந்நிகழ்ச்சியே இவர் பங்குபெற்ற இறுதிப் பொது நிகழ்ச்சியாகவும் அமைந்தது.

மறைவு

நோய் முற்றியதால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இம்மருத்துவமனை மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கப்பட்டதாகும். பெப்ரவரி 3, 1969 அன்று தமது 59 ஆவது வயதில் அண்ணாதுரை காலமானார். மெரினா கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர். அது கின்னஸ் உலக சாதனை நூலிலும் இடம்பெற்றது. இரா. நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சராகவும், அவரைத் தொடர்ந்து மு. கருணாநிதி முதலமைச்சராகவும் பொறுப்பேற்றனர்.

நினைவு

மெரினாவில் இவரது நினைவிடம் உள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையிலுள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை இவரது பெயரைத் தாங்கியுள்ளது.