சாயமே இல்லாமல் உட்கருவைப் பார்த்தவர்! யார் இந்த ராபர்ட் பிரவுன்?

கறுப்புத் திரையில் வரிசையாக நீலப் புள்ளிகள். பயோடெக் படித்தவர்களுக்கு ரொம்பப் பழக்கமான படம் இது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தாவர செல்லின் உட்கரு, அதாவது நியூக்ளியஸ். ஹோக்ஸ்ட் 33342 போன்ற ஃப்ளூரசன்ட் சாயம் செல்லுக்குள் போய் டிஎன்ஏ-வைப் பிடித்துக்கொள்கிறது. புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிர்கிறது. செல் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யலாம் என்பதுதான் இந்தச் சாயத்துக்கு இவ்வளவு மவுசு.

ஆனால் அந்தப் புள்ளிக்குப் பெயர் வைத்தவரிடம் சாயமும் இல்லை, புற ஊதா விளக்கும் இல்லை. அவர் ராபர்ட் பிரவுன். ஆமாம், பிசிக்ஸ் புத்தகத்தில் பிரவுனியன் இயக்கம் என்று வருமே, அதே பிரவுன்தான்.

ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் ஊரில் 1773 டிசம்பர் 21-ல் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போனவர், பட்டம் வாங்காமலேயே வெளியே வந்தார். ராணுவத்தில் மருத்துவ உதவியாளர் வேலை; அயர்லாந்தில் போஸ்டிங். மனசு மட்டும் செடி கொடிகளிடம்.

1800-ல் வந்தது அந்த வாய்ப்பு. ஆஸ்திரேலியக் கடற்கரையை அளக்கக் கிளம்பிய இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் இயற்கை ஆய்வாளராகப் போகிறாயா என்று கேட்டார் ஜோசப் பேங்க்ஸ். 1801-ல் கிளம்பிய பிரவுன், ஆயிரக்கணக்கான தாவர மாதிரிகளோடு 1805-ல்தான் லண்டன் திரும்பினார். நல்ல மாதிரிகளில் ஒரு பகுதியை ஏற்றி அனுப்பிய கப்பல் வழியில் பாறைத் திட்டில் மோதி உடைந்துபோனது. மிஞ்சியதை வைத்து 1810-ல் அவர் எழுதிய ஆஸ்திரேலியத் தாவர நூல் இன்று கிளாசிக். அன்றைக்கு விற்பனை படுமோசம். நொந்துபோய் பிரவுனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பேங்க்ஸின் நூலகராக லண்டனிலேயே தங்கிய அவர், அதன் பிறகு செய்த பெரிய வேலைகளில் பாதி, லென்ஸ் வழியாகப் பார்த்தது. ஒரே ஒரு லென்ஸ் கொண்ட எளிய மைக்ரோஸ்கோப்தான் அவருடைய ஆயுதம்.

1827-ல் கிளார்க்கியா பூவின் மகரந்தத்தைப் பார்த்தபோது, மகரந்தத்துக்கு உள்ளே இருந்த நுண்துகள்கள் தண்ணீரில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. (ஆடியது மகரந்தத் தூளே என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தப்பு.) உயிர் இருப்பதால் அசைகிறதோ என்ற சந்தேகம் அவருக்கும் வந்தது. அதோடு விடவில்லை. கண்ணாடி, உலோகம், கல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பொடித்துப் போட்டார். எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையின் துணுக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாமே ஆடியது. அப்போ உயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கினார். ஏன் ஆடுகிறது என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை.

உட்கரு விஷயத்திலும் இதே குணம்தான். ஆர்கிட் செடிகளில் கருவுறுதல் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இலையின் மேல்தோலில் ஒவ்வொரு செல்லிலும் வட்டமாக, சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் மங்கலாக ஒன்று தெரிந்தது. பூவின் பாகங்களிலும் அதே. வேறு குடும்பத்துச் செடிகளிலும் அதே. 1831 நவம்பரில் லின்னியன் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் இதைச் சொன்னார். முதலில் அரியோலா என்றுதான் குறிப்பிட்டார். வேண்டுமானால் நியூக்ளியஸ் என்று சொல்லலாமோ என்று தயங்கித் தயங்கி வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

முதலில் பார்த்தவர் அவர் இல்லை. ஓவியர் ஃபிரான்ஸ் பாவர் முன்பே வரைந்திருந்தார், அதை பிரவுனும் மறைக்கவில்லை. யாரோ பார்த்துவிட்டுக் கடந்துபோன புள்ளி, செடிக்குச் செடி திரும்ப வருகிறது என்று கவனித்ததுதான் அவருடைய பங்கு.

இத்தனை நேர்மையானவருக்குக் கொஞ்சம் ரகசியப் புத்தியும் உண்டு. பீகிள் கப்பலில் ஏறுவதற்கு முன் இளைஞர் சார்லஸ் டார்வின் அவரைப் பார்க்கப் போனார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தெரிவதைச் சொல் என்றார் பிரவுன். டார்வின் பார்த்தார், சொன்னார். அது என்ன என்று திருப்பிக் கேட்டபோது, அது தன்னுடைய ரகசியம் என்று வாயை மூடிக்கொண்டார். ஐந்து வருஷம் ஊரைவிட்டே போகப்போகிற பையனிடம்! தாவர செல்லுக்குள் ஓடும் புரோட்டோபிளாச ஓட்டத்தைத்தான் அன்று பார்த்திருக்க வேண்டும் என்று டார்வின் பிற்காலத்தில் எழுதினார்.

1858 ஜூன் 10-ல் பிரவுன் இறந்தார். துக்கத்தில் தள்ளிவைக்கப்பட்ட லின்னியன் சொசைட்டி கூட்டம் ஜூலை 1-ல் நடந்தது. டார்வின், வாலஸ் இருவரின் பரிணாமக் கட்டுரைகள் வாசிக்கப்பட்டது அந்தக் கூட்டத்தில்தான்.

அதே 1858-ல் ஜெர்மனியில் ஜோசப் ஜெர்லாக், கார்மைன் சாயம் உட்கருவை நன்றாகப் பிடிக்கிறது என்று காட்டினார். சாயங்களின் காலம் சூடுபிடித்தது. உட்கரு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பெரும்பாலும் செல்லைக் கொன்ற பிறகு.

ஃப்ளூரசன்ட் சாயங்கள் வந்தும் தாவரங்களில் தலைவலி முழுசாகத் தீரவில்லை. புரொப்பிடியம் அயோடைடு உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செல் சுவரோடு நின்றுவிடும், உட்கரு ஒளிர்ந்தால் அந்த செல் செத்துவிட்டது என்று அர்த்தம். ஹோக்ஸ்ட் உள்ளே போகும், ஆனால் புற ஊதா ஒளி டிஎன்ஏ-வையே பாதிக்கும். போதாததற்கு பச்சையம் சிவப்பாகவும், கட்டையான செல் சுவர் நீலமாகவும் தாமாகவே ஒளிர்ந்து குழப்பும். அதனால்தான் பலர் இப்போது சாயத்தை விட்டுவிட்டு, உட்கருவில் இருக்கும் ஹிஸ்டோன் புரதத்தோடு ஒளிரும் புரதத்தை மரபணு வழியாகவே ஒட்டிவிடுகிறார்கள்.

பிரவுனின் மைக்ரோஸ்கோப் ஒன்று லின்னியன் சொசைட்டியில் இருக்கிறது. பிரிட்டிஷ் உயிரியலாளர் பிரையன் ஃபோர்டு அதில் ஆர்கிட் இலைத் தோலை வைத்துப் பார்த்தார். உட்கரு தெரிந்தது, சாயம் எதுவும் இல்லாமல்.